சொந்தமாக விமானம் ஓட்டுகிறவர்களின் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கமலாபுரத்திலும் வெளியூர்ப் பள்ளிகளிலும் விமானம் பழகும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், ஆசைக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டு எப்போதாவது பறக்கும் மில்லுக்காரர்கள், 'ஒரு தடவை ஏத்திட்டுப் போங்க' என்று கேட்கும் சொந்தக்காரர்கள். இவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே இரண்டு, நான்கு சீட்டுள்ள ஒற்றை என்ஜின் விமானங்களைப் பற்றியவை. ஏர்லைன் கதை வேறு.

"சின்ன விமானம்னாலே ஆபத்துதானுங்களே?"

ஏர்லைனோடு ஒப்பிட்டால் ஆமாம், நிறையவே ஆபத்து. தனியார் சிறு விமானங்கள் அதிகம் பறக்கும் அமெரிக்காவில், ஒரு லட்சம் பறப்பு மணிக்குச் சுமார் ஓர் உயிரிழப்பு விபத்து நடக்கிறது. ஏர்லைன்கள் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் காரணங்களைப் பார்த்தால் இன்னொன்று புரியும். பெட்ரோல் தீர்ந்துபோவது, மேகத்துக்குள் புகுவது, தாழ்வான உயரத்தில் வேகம் குறைந்து திரும்புவது என்று பெரும்பாலானவை ஓட்டுகிறவர் எடுத்த முடிவுகள். அவினாசி ரோட்டில் பைக்கில் போகும்போது எவனோ ஒரு லாரிக்காரனின் தவறு நம்மை முடித்துவிடலாம். மேலே அந்த 'எவனோ' அநேகமாக நாமேதான்.

"பி.பி.எல். கையில இருந்தா எங்க வேணாலும், எப்ப வேணாலும் ஓட்டலாங்களா?"

முடியாது. பி.பி.எல். என்பது சொந்தத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கான பைலட் லைசென்ஸ். 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, எழுத்துத் தேர்வுகள், ரேடியோ லைசென்ஸ் எல்லாம் முடிந்தால் பி.பி.எல். கிடைக்கும். அதைக் கொண்டு பகலில், தரை தெரிகிற வானிலையில், காசு வாங்காமல் ஓட்டலாம். இரவுக்கும் மேகத்துக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனி அனுமதி உண்டு.

"கிளம்பறதுக்கு முன்னாடி சுத்திச் சுத்தி வந்து என்னதான் பாக்கறீங்க?"

முதலில் பெட்ரோல். இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்து அழுத்தினால் கொஞ்சம் எரிபொருள் இறங்கும். அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிறு விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸ் 100 எல்.எல். என்றால் லேசான நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக, நிறமில்லாமல், உருண்டு நிற்கும். குப்பி முழுக்க நிறமே இல்லாமல் இருந்தால் சந்தோஷப்படக் கூடாது. முழுக்கத் தண்ணீராகவோ ஜெட் எரிபொருளாகவோ இருக்கலாம். அப்புறம் இறக்கை மேல் ஏறி டேங்க்குக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்ப்போம். டேஷ்போர்டு முள்ளை நம்பி யாரும் கிளம்புவதில்லை.

அடுத்து ஆயில், டயர், பிரேக், இறக்கையின் அசையும் பாகங்களைப் பிடித்திருக்கும் ஆணிகள். வேகம் காட்டும் கருவிக்குக் காற்று போகும் பிட்டாட் குழாயை நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டும். உறை போடாமல் நிறுத்தி வைத்தால் குளவி மண் வைத்து அடைத்துவிடும். ஓடுதளத்தில் பாதி தூரம் போன பிறகுதான் வேகமுள் அசையவில்லை என்று தெரியும்.

நடுவில் போன் வந்தால்? பேசி முடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவர்கள்தான் டேங்க் மூடியை மறக்கிறார்கள்.

"எலுமிச்சம்பழம் வெச்சு பூசை போடலாமுங்களா?"

தாராளமாக. பூசை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிடுங்கள், உருண்டு பெடலுக்கு அடியில் போனால் வினை. டேஷ்போர்டில் ஒட்டும் காந்தச் சாமி சிலை மட்டும் வேண்டவே வேண்டாம். திசைகாட்டி அதற்குச் சற்று மேலேதான் இருக்கிறது. முருகன் பக்கம் முள் திரும்பிவிட்டால் பழனிக்குப் போக வேண்டியவர் வேறெங்கோ போவார்.

"லேசா சளிதானுங்க, ஒரு மாத்திரை போட்டுட்டு ஓட்டலாமில்ல?"

சளியும் பிரச்சினை, மாத்திரையும் பிரச்சினை. மூக்கு அடைத்திருந்தால் இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமப்படாமல் உயிர் போகிற வலி வரும். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கிறது. தூங்கிவிழ வேண்டும் என்பதில்லை, அரை நொடி மந்தமானாலே இறங்கும்போது போதும்.

விரதத்தையும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு வந்த மறுநாள், வெறும் வயிற்றில், வெயிலில் மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஓட்ட வேண்டாம். நோய், மருந்து, மனக்கவலை, மது, களைப்பு, சாப்பாடு என்று ஆறையும் கிளம்பும் முன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மனக்கவலையை யாரும் சரியாகக் கேட்டுக்கொள்வதில்லை என்பது என் எண்ணம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரும், பார்ட்டி பணம் தராமல் இழுத்தடிப்பதால் தூங்காதவரும் 'உடம்பு நல்லா இருக்கு' என்றுதான் சொல்வார்கள்.

"நேத்து ராத்திரி ஒரு பீர்தான். அதுக்கென்னங்க?"

நம் நாட்டு விதிப்படி குடித்து 12 மணி நேரம் ஆகாமல் ஓட்டக் கூடாது. 12 மணி நேரம் கழிந்த பிறகும் மூச்சில் துளி இருந்தால் ஓட்டக் கூடாது. இரண்டுமே பொருந்த வேண்டும். கல்யாண வீட்டில் ராத்திரி 11 மணிக்கு முடித்தவருக்குக் காலை விமானம் கிடையாது.

"நாலு சீட்டு இருக்குதே, நாலு பேரும் போலாமுங்களா?"

கணக்குப் போட்டால்தான் தெரியும். செஸ்னா 172 எஸ் என்ற நான்கு சீட்டு விமானத்தில் ஆட்கள், பெட்டி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏற்றக்கூடிய எடை சுமார் 400 கிலோ. டேங்க்கை நிரப்பினால் 200 லிட்டர், அதுவே 144 கிலோ. மிச்சம் 256. ஆளுக்கு 80 கிலோ என்றால் மூன்று பேர்தான். நாலாவது ஆள் ஏற வேண்டுமானால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும், அதாவது போகும் தூரத்தைக் குறைக்க வேண்டும். 'மச்சான் கோவிச்சுக்குவான்' என்று யாரையும் விடாமல் ஏற்றிவிட்டு, பெட்ரோலையும் குறைக்காமல் கிளம்புவதுதான் நடக்கக் கூடாதது.

இதில் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,300 அடிக்குக் கொஞ்சம் மேல். அந்த உயரத்துக்கு விமானக் கணக்கில் பொதுவாக வைத்துக்கொள்ளும் வெப்பம் 12 டிகிரி. சித்திரை மத்தியானம் 37 இருந்தால் 25 டிகிரி அதிகம். அதிகமுள்ள டிகிரிக்கு 120 அடி என்று வைத்து அந்த 1,300 அடியோடு கூட்டினால் விமானத்துக்கு அது 4,300 அடி உயரத்துக் காற்று. ஓடுதளம் அதேதான், ஆனால் எழும்ப அதிக தூரம் ஓடும், மெதுவாக ஏறும். காலை 7 மணிக்கு ஏற்றிய அதே சுமையை மத்தியானம் 2 மணிக்கு ஏற்றக் கூடாது.

"ஆடிக் காத்துல ஓட்டலாமா?"

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று ஆனி, ஆடியில் நன்றாகவே அடிக்கும். கோவை ஓடுதளத்தின் ஒரு முனை 230 டிகிரி, அதாவது தென்மேற்கு, பார்த்தது. நேர் மேற்கிலிருந்து (270 டிகிரி) 20 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று வந்தால் 40 டிகிரி கோணம், பக்கவாட்டில் தள்ளுவது சுமார் 13 நாட். செஸ்னா 172 கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று போட்டிருக்கும். 'அப்ப 13 ஓக்கே' என்கிறார்கள். அந்த 15, தயாரிப்பாளரின் சோதனை பைலட் செய்து காட்டிய அளவு. போன மாதம் முழுக்க ஓட்டாதவர் தனக்கென்று 8 அல்லது 10 வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

"மழை தூரத்துலதானே இருக்குது?"

கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று கோபி, மேட்டுப்பாளையம் பக்கம் வாழைத்தோட்டத்தை ஒரே நேரத்தில் சாய்த்துவிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காற்று மழைக்கு முன்னாலேயே, மழை இல்லாத இடத்திலும் வரும். பெரிய இடிமேகத்துக்கு 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர், தள்ளியிருக்கச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு முன் இறங்கிவிடுவது நல்லது.

"மேகத்துக்குள்ள ரெண்டு நிமிஷம் பூந்து வெளிய வந்தா என்னங்க ஆயிரும்?"

1954ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் ஒரு சோதனை செய்தது. கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத மாதிரி மறைத்து ஓட்டவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடி, மூன்று நிமிடம்கூட இல்லை. நம் உள்காதில் இருக்கும் திரவம் தொடர்ந்து மெதுவாகத் திரும்பும்போது பழகிவிடும், நேராகப் போகிற மாதிரி இருக்கும். திருத்தினால் எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கும். உடம்பை நம்பியே சுழன்று கீழே போவார்கள்.

அந்தச் சோதனையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அது நடத்தப்பட்டதே, மேகத்துக்குள் போனால் அமைதியாக 180 டிகிரி திரும்பி வந்த வழியே வெளியேறக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான். பயிற்சிக்குப் பிறகு அநேகமாக எல்லா முயற்சியும் வெற்றி. ஆகவே உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பழகுங்கள், ஆனால் அது உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்துடன் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் புகுந்ததும், அதனால் ஓட்டியவரின் திசையுணர்வு தடுமாறியதும்தான் காரணம் என்று முப்படை விசாரணைக் குழு சொன்னது. அவர்கள் விமானப்படையின் தேர்ந்த ஆட்கள். அவர்களுக்கே அப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் மேட்டுப்பாளையம் தாண்டி மேகம் தொங்குகிற மலைப்பக்கம் எட்டிப் பார்க்கக்கூடக் கூடாது. பொதுவான விதி: 5 கிலோமீட்டர் பார்வை, மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி.

"எங்க அப்புச்சி தோட்டத்து மேல தாழ ஒரு சுத்து சுத்தலாமுங்களா? எல்லாரும் மொட்டைமாடில நிக்கறாங்க."

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் பயப்பட வேண்டியதும் இதுதான். கண் கீழே அப்புச்சி மேல் இருக்கும், கை தன்னால் இன்னும் கொஞ்சம் சாய்க்கும். நேராகப் பறக்கும்போது 48 நாட் வேகத்தில் தூக்குவிசையை இழக்கும் செஸ்னா, உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் 57லும், 60 டிகிரி என்றால் 68லும் இழந்துவிடும். தோட்டத்துக்கு மேலே 500 அடியில் அது நடந்தால் மீட்க உயரம் கிடையாது.

விதி 500 அடி வரை அனுமதிக்கிறது, ஊருக்கு மேல் என்றால் சுற்றுவட்டாரத்தில் உயர்ந்த கட்டடத்துக்கும் 1,000 அடி மேலே. ஆனால் பல்லடம், கேத்தனூர், உடுமலைப் பக்கம் 500 அடியைச் சட்டப்படி சரி என்று நம்பிப் போக வேண்டாம். புதிய காற்றாலைகளில் இறக்கை நுனி 200 மீட்டர் வரை போகும், அதாவது 650 அடி. அப்புச்சிக்கு ஆசை இருந்தால் 1,500 அடியில் நேராக ஒருமுறை போய் இறக்கையை ஆட்டிவிட்டு வாருங்கள். அவருக்கு அதுவே போதும். போதாது என்கிறவர்கள் வீடியோ எடுக்கும் பேரன்கள்.

"என்ஜின் நின்னு போச்சுன்னா கல்லு மாதிரி விழுந்துருமா?"

விழாது, சறுக்கி இறங்கும். செஸ்னா 172 தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால் காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் போகும். முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும், அப்புறம் இடம், அப்புறம்தான் காரணம். கார்புரேட்டர் உள்ள என்ஜின் என்றால் அதன் ஹீட்டரை உடனே இழுக்க வேண்டும். ஈரக்காற்றுள்ள நாளில் வெளியே 25 டிகிரி இருந்தாலும் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும். கொங்கு நாட்டில் ஐஸா என்று சிரிப்பார்கள், பிடிக்கும்.

எங்கே இறங்குவது? தென்னந்தோப்பு வேண்டாம். பம்புசெட் உள்ள பச்சைத் தோட்டத்தில் கிணற்றுக்கு ஒரு கரண்ட் லைன் நிச்சயம் வரும். கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) மேலிருந்து வழவழப்பான புல்வெளி மாதிரி ஆசை காட்டும். உள்ளே வெள்வேலமரங்கள் ஆங்காங்கே நிற்கும், நான்கு பக்கமும் கிளுவை வேலி, ஒவ்வொரு பாகமும் நாலைந்து ஏக்கர்தான். அறுவடை முடிந்த சோளக்காடு, காற்றுக்கு எதிராக நீளவாக்கில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பழகும்போதே வழியில் எதில் இறங்குவேன் என்று பார்த்துக்கொண்டே போகிற வழக்கம் வர வேண்டும்.

கிளம்பிய உடனே, சில நூறு அடியில் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்ப முயலக் கூடாது. காரணம் அப்புச்சி தோட்டத்துக் கணக்கேதான். முன்னால் இருப்பதில் நல்லதாகப் பார்த்து இறங்க வேண்டும். அதை எழும்புவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

"பாராசூட் வெச்சுக்கலாமில்ல?"

சிர்ரஸ் மாதிரி சில விமானங்களில் மொத்த விமானத்தையே தாங்கும் பாராசூட் உண்டு, பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. போதுமான உயரத்தில் இழுத்தால்தான். 'அதுதான் இருக்கே' என்று மோசமான வானிலையில் கிளம்பினால் அந்தக் கூடுதல் பாதுகாப்பைக் கிளம்பும்போதே செலவழித்துவிட்டீர்கள்.

"ஏனுங்க, இத்தனை பயந்தா விமானம் ஓட்ட முடியுமா? தைரியம் வேண்டாமா?"

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சிக் கையேடுகள் பைலட்டுகளின் ஆபத்தான மனப்போக்குகள் என்று ஐந்தைச் சொல்கின்றன. நம் ஊரில் அவை இப்படிப் பேசும்: "ரூல் போட்டவன் டெல்லியில உக்காந்திருக்கான், அவனுக்கென்ன தெரியும்." "அட ஏறுப்பா, மேல போய்ப் பாத்துக்கலாம்." "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது." "எறக்கிக் காட்டறேன் பாரு." "எல்லாம் விதி, நாம என்ன பண்றது."

வீம்பு பேசுகிறவரை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். கடைசி ஆள்தான் அதிகம் ஏமாற்றுவார், பணிவும் பக்தியுமாகத் தெரிவார். காற்று அதிகமாகிவிட்டது, இறங்குவது சரியாக வரவில்லை, இன்னொரு சுற்றுப் போகலாம், அதுவும் சரியில்லையென்றால் சேலத்துக்குத் திருப்பலாம். இத்தனை வழி இருந்தும் 'ஆனது ஆகட்டும்' என்று முதல் முயற்சியிலேயே தரையில் போட்டுவிடுவார்.

தைரியம் வேண்டும்தான். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'இன்னைக்கு வேண்டாமுங்க' என்று சாவியைத் திருப்பிக் கொடுக்கிற தைரியம் பலருக்கு வருவதில்லை.

"காலையில முகூர்த்தம். போயே ஆகோணும். வானம் கொஞ்சம் மூடியிருக்கு, என்ன பண்றது?"

அந்த நேரத்தில் முடிவெடுத்தால் போகலாம் என்றுதான் தோன்றும். ஆகவே முந்தைய வாரமே முடிவெடுக்க வேண்டும். சேரன் எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் போட்டு வையுங்கள், அல்லது டிரைவரிடம் ராத்திரி காரைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். பெண் வீட்டாரிடம் 'விமானத்தில் வருகிறேன்' என்று முன்கூட்டிப் பெருமையடிக்காதீர்கள். போகாமல் இருப்பதற்கு ஆகும் செலவும் அவமானமும் எவ்வளவு குறைவோ, அவ்வளவு சுலபமாக 'வேண்டாம்' என்று வரும்.

கூடவே உங்கள் எல்லைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்த நிதானமானவர்கள் வைத்திருப்பது ஏறக்குறைய இப்படி: சட்டம் 5 கிலோமீட்டர் பார்வை என்றால் தனக்கு 8. இறங்கும்போது டேங்க்கில் அரை மணிக்குப் பெட்ரோல் இருந்தால் போதும் என்றால் தனக்கு ஒரு மணி நேரம். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே தரையில். அனுபவம் கூடினால் எண்களை மாற்றலாம், ஆனால் பறக்கிற நாளில் மாற்றக் கூடாது. முகூர்த்த நாளில் சத்தியமாகக் கூடாது.

"எங்க வீட்டுக்காரரு கூப்பிட்டா நானும் கொழந்தைகளும் ஏறலாமுங்களா?"

கடைசியாக எப்போது ஓட்டினார் என்று கேளுங்கள், அம்மிணி. அப்புறம், 'திரும்பிப் போலாம்னு நான் சொன்னா காரணம் கேக்காம திருப்புவீங்களா?' என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ஏறினால் தோள்பட்டை பெல்ட்டும் போட வேண்டும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் அவரிடம் பேசக் கூடாது, ஆனால் பக்கத்தில் வேறு விமானமோ கழுகோ தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

"ரெண்டு பைலட் உக்காந்தா இன்னும் பாதுகாப்புதானே?"

யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசியிருந்தால் ஆமாம். இல்லையென்றால் இவர் பார்ப்பார் என்று அவரும், அவர் பார்ப்பார் என்று இவரும் இருப்பார்கள். ஒருவர் வயதில் மூத்தவர், முதலாளி, மாமனார் என்றால் இன்னும் மோசம். மாமா தப்பாக இறக்குகிறார் என்று தெரிந்தும் மாப்பிள்ளை வாய் திறக்க மாட்டார். 'கோ அரவுண்ட்' என்று யார் சொன்னாலும், மறுபேச்சில்லாமல் பவர் கொடுத்து மேலேற வேண்டும், வாக்குவாதம் கீழே வந்த பிறகு. கையை மாற்றும்போது 'உங்க கன்ட்ரோல்', 'என் கன்ட்ரோல்' என்று இருவரும் சொல்ல வேண்டும்.

"இன்சூரன்ஸ் இருக்குதுங்க, போதாதா?"

பாலிசியை எடுத்துப் படியுங்கள். விபத்துக் காப்பு பலவற்றில், டிக்கெட் எடுத்த பயணியாக ஏர்லைனில் போனால் மட்டுமே பணம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பைலட் என்பதை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்து எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

"ஒரு பிரண்டு மேகத்துக்குள்ள போனதப் பெருமையாச் சொல்றான். யாருகிட்ட சொல்றது? காட்டிக் குடுத்த மாதிரி ஆயிராதா?"

முதலில் அவனிடம், தனியாக. கூட்டத்தில் சொன்னால் மேலே எழுதிய நாலாவது குரலில் 'காட்டறேன் பாரு' என்றுதான் பதில் வரும். நீ தப்பு என்று ஆரம்பிக்காமல், உள்ளே போனதும் எந்தக் கருவியைப் பார்த்தாய், எத்தனை டிகிரி திரும்பினாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது, அவனுக்கே உறைக்கும்.

திரும்பவும் செய்தால் அவனுடைய பள்ளியின் தலைமை இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லுங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தாமாக முன்வந்து தெரிவிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. நட்பு கெடும் என்பது உண்மைதான், சில மாதம் பேச மாட்டான். அதற்குள் அவனோடு ஏறுவதில்லை என்று நீங்களும் முடிவு செய்துகொள்ளுங்கள், உங்கள் வீட்டு ஆட்களிடமும் சொல்லி வையுங்கள்.